இம்பிளான்ட்ட சுத்தி கரைஞ்ச எலும்பு திரும்ப வளருமா?

வெள்ளவத்தை_தர்ஷி:
வணக்கம். அம்மாக்கு கீழ்த்தாடையில கடைவாய்ப்பல்லு ரெண்டுக்கு இம்பிளான்ட் (எலும்புக்குள்ள டைட்டேனியம் ஸ்க்ரூ இறக்கி மேல பல்லு வைக்கிறது) போட்டு ஆறேழு வருஷமாகுது, ஒரு கரைச்சலும் இருக்கேல்ல, இப்ப கொஞ்ச நாளா பல்லு தீட்டேக்க அந்த இடத்து முரசால ரத்தம் வருது, அமத்தினா சீழும் வருது, நோ இல்லைதானே எண்டு அவ பேசாம இருந்திட்டா. காலி வீதியில ஒரு கிளினிக்கில எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஒண்டை சுத்தி எலும்பு பாதி போச்சாம். முரசைத் திறந்து கிளீன் பண்ணி எலும்புத்தூள் போட்டு மூடினா வளரும் எண்டினம். வயசு 63, சுகரும் இருக்கு. உண்மையிலேயே வளருமோ, இல்லாட்டி கழட்டிறதுதான் நல்லமோ? மற்றது அந்தத் தூள் மாட்டு எலும்பில செய்யிறதாம், அதைக் கேட்டதில இருந்து அம்மா வாயே திறக்கமாட்டன் எண்டு நிக்கிறா.

பல்லுக்காரன்:
நான் பல் வைத்தியர், ஆனா வாயைப் பாக்காம தீர்ப்பு சொல்லேலாது, பொதுவா சொல்றன். முரசு மட்டும் வீங்கி ரத்தம் வந்தா அது மியூகோசைட்டிஸ், ஒழுங்கா கிளீன் பண்ணினாலே மாறும். எலும்பும் கரைஞ்சிட்டா பெரி-இம்பிளான்டைட்டிஸ், அது தானா திரும்பாது. நோ இல்லாம வாறதுதான் இதின்ர கெட்ட குணம். இம்பிளான்ட் போட்டு முதல் வருஷம் 2 மில்லிமீட்டர் வரைக்கும் எலும்பு இறங்கிறது வழமை, அதால போட்ட காலத்து எக்ஸ்ரே இருந்தா தேடி எடுங்கோ, ஒப்பிட்டுப் பாக்காம எவ்வளவு கரைஞ்சது எண்டு சரியா சொல்லேலாது.

இனி வளருமா எண்டா, அது பள்ளத்தின்ர வடிவத்தில இருக்கு. ஸ்க்ரூவ சுத்தி கிண்ணம் மாதிரி குழி விழுந்து வெளிச்சுவர் எலும்பு நிண்டா போடுற தூள் உள்ள அசையாம நிக்கும், நல்ல சான்ஸ். எல்லாப் பக்கமும் ஒரே மட்டமா இறங்கியிருந்தா தூளைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை, அப்பிடியான இடத்தில வளரும் எண்டு சொல்றவரை நான் நம்பமாட்டன். அதைவிட முக்கியம் அந்தச் சொரசொரப்பான டைட்டேனியத்தில ஒட்டின கிருமிப்படலம். டைட்டேனியம் பிரஷ், பவுடர் ஜெட் எண்டு எல்லாம் இருக்கு, எண்டாலும் புரிக்குப் புரி முழுசா எடுக்கிறது லேசில்லை, அழுக்கில எலும்பு ஒட்டாது.

இன்னொண்டு, ஒப்பரேஷனுக்குப் பிறகு எக்ஸ்ரேயில வெள்ளையா தெரிஞ்சதும் சந்தோஷப்படாதேங்கோ. போட்ட தூளும் வெள்ளையாத்தான் தெரியும், மாட்டு எலும்புத்தூள் வருஷக்கணக்கா கரையாமலே கிடக்கும். ரத்தமும் சீழும் நிண்டதா, முரசுப் பையின்ர (முரசுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவில இருக்கிற இடுக்கு) ஆழம் குறைஞ்சதா, அதைக் கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை மணி:
எனக்கு முன்பல்லில இதே வேலை செய்தவை. சீழ் நிண்டிட்டுது, எலும்பு கொஞ்சம் ஏறினது, ஆனா முரசு கீழ இறங்கி இப்ப பல்லு நீளமா தெரியுது, சிரிச்சா ஸ்க்ரூவின்ர கறுப்பும் லேசா எட்டிப்பாக்கும் 😅 அதை முதலே ஒருத்தரும் சொல்லேல்ல. அம்மான்ர கடைவாய்தானே, பரவாயில்லை. மற்றது சிகரெட் விடு எண்டு டொக்டர் கண்டிப்பா நிண்டார், அம்மாக்கு அது இல்லை, ஆனா வெத்திலை போடுறவ எண்டா சொல்லுங்கோ. சின்ன இடைப்பிரஷால தினம் இடுக்கு தீட்டோணும், இல்லாட்டி செலவழிச்ச காசு எல்லாம் தண்ணிக்குள்ள.

ரிஸ்வி தெஹிவளை:
தூளுக்கு மட்டும் ஏன் நிப்பாட்டுறீங்க, அதுக்கு மேல மூடுற மெல்லிய சவ்வு, மெம்ப்ரேன், அதையும் கேளுங்க. நிறைய பன்றிக் கொலாஜன்ல செய்யிறது, எங்கட ஆக்களுக்கு அதுதான் பெரிய பிரச்சின. பெட்டியில போட்டிருக்கும், காட்டச் சொல்லுங்க, கேக்கிறதுல வெக்கம் ஒண்டும் இல்ல.

பல்லுக்காரன்:
ரிஸ்வி சொன்னது சரி. தர்ஷி, மாட்டுத்தூளில இறைச்சி, கொழுப்பு, புரதம் எல்லாம் எடுத்திட்டு கனிமம் மட்டும்தான் மிஞ்சும், ஆனா அம்மான்ர மனசுக்கு ஒத்துவராட்டி கட்டாயமில்லை. கால்சியம் பொஸ்பேட்டில செய்த செயற்கைத் தூள் இருக்கு, அவவின்ர தாடைப் பின்பக்கத்தில இருந்தே கொஞ்சம் சுரண்டியும் எடுக்கலாம். சுகருக்கு HbA1c (ரெண்டு மூண்டு மாதச் சராசரி சுகர் காட்டுற ரத்தச் சோதனை) பாத்தாச்சோ? அது ஏறி நிண்டா நான் கத்தி வைக்கமாட்டன். எலும்புத் தேய்வுக்கு ஏதும் குளிசை போடுறவவோ?

வெள்ளவத்தை_தர்ஷி:
HbA1c 8.4, போன மாசம் எடுத்தது. ஓம், ஞாயிறு காலமை வெறும் வயித்தில ஒரு குளிசை போட்டிட்டு அரை மணித்தியாலம் படுக்காம இருக்கிறவ, அலென்ட்ரோனேட் எண்டு போட்டிருக்கு. கிளினிக்கில கேக்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை, அது பல்லோட சேர்ந்த விஷயம் எண்டு ஆருக்குத் தெரியும்?

பல்லுக்காரன்:
அப்ப இந்தக் கிழமை ஒப்பரேஷன் நாள் எடுக்காதேங்கோ. அந்தக் குளிசை போடுற ஆக்களுக்கு தாடையில வெட்டு வேலை செய்தா அபூர்வமா எலும்பு ஆறாம வெளியில தெரியிற மாதிரி வாறது, எத்தனை வருஷமா போடுறா எண்டதும் முக்கியம். நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம், எழுதிக் குடுத்த டொக்டரும் பல்லு டொக்டரும் கதைச்சு முடிவெடுக்கட்டும். அதுவரைக்கும் திறக்காம கிளீன் பண்ணி, சுகரைக் குறைச்சு, பையின்ர ஆழத்தை அளந்து வைக்கச் சொல்லுங்கோ. இன்னொரு ஆளிட்ட காட்டிறதெண்டா கொழும்பு வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்கு போகலாம், குளிசைப் பெட்டியையும் கையோட கொண்டு போங்கோ.