அளவுமீட்பு: தோட்டா உறைக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களே,

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவதற்காகப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் வேலைக்கு (resizing) "மறு அளவிடல்" என்று முந்தைய மடலில் ஒருவர் தந்திருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அளவிடுவது என்றால் கருவி வைத்து அளப்பது. இங்கே வேலை அளப்பதல்ல, அழுத்துவது.

சுடும்போது உறை, தோட்டா அமர்ந்திருக்கும் துப்பாக்கி அறையின் சுவர்வரை விரிகிறது. அழுத்தம் போனதும் பித்தளை தானாகவே கொஞ்சம் சுருங்குகிறது. அதனால்தான் உறையை வெளியே எடுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதாக வருவதில்லை. மிச்சத்தை எஃகு அச்சுக்குள் செலுத்தி நாம் சுருக்குகிறோம். தானாக நடப்பது மீள்வு, நாம் செய்வது மீட்பு. தன்வினையும் பிறவினையும் இப்படித் தெளிவாகப் பிரிந்து நிற்கும்போது வேறு சொல் தேடுவானேன்? என் பரிந்துரை "அளவுமீட்பு". குண்டைப் பிடித்திருக்கும் குறுகிய வாய்ப்பகுதியான கழுத்தை மட்டும் சரிசெய்தால் கழுத்து அளவுமீட்பு. உடலையும் சேர்த்தால் முழுநீள அளவுமீட்பு.

"ஒடுக்கல்" என்ற பரிந்துரையும் வந்தது. செயலுக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல் இதே வேலையில் இன்னோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. முழுநீள அளவுமீட்புக்கு முன் உறையின் வெளிப்புறத்தில் மெல்லிசாக மசகு தடவ வேண்டும். தடவாவிட்டால் பித்தளை எஃகைப் பற்றிக்கொள்ளும். பலமாக இழுத்தால் அடிவிளிம்பு கிழிந்து, உறை உள்ளேயே நின்றுவிடும். சரி, தாராளமாகத் தடவினால்? உறையின் தோளுக்கும் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அச்சுக்கும் நடுவே மசகு போக வழியில்லாமல் தேங்கும். அது அமுங்காது, பித்தளைதான் உள்வாங்கும். கீழே விழுந்த பாத்திரத்தில் பார்க்கிறோமே, அதே ஒடுக்கு. அதை "மசகு ஒடுக்கு" என்றே வைத்துவிடலாம்.

lubricant என்பதற்கு மசகா உயவா என்று கேட்டிருந்தீர்கள். பொருளுக்கு மசகு, செயலுக்கு உயவு என்று பிரித்தால் இரண்டுக்கும் இடமுண்டு. லனோலினை ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்தாலும், மெழுகை விரலால் தேய்த்தாலும் அது மசகுதான். கழுத்தின் உட்புறத்துக்குச் சிலர் போடும் கிராஃபைட்டை மட்டும் அப்படிச் சொல்ல நா வரவில்லை. பசையே இல்லாத பொருள் அது. "உயவுத்தூள்" பொருந்துமா, பாருங்கள்.

அப்புறம், அளவுமீட்பு முடிந்ததும் மசகைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். பசையோடு சுட்டால் உறை அறைச் சுவரைச் சரியாகப் பற்றாமல் அறையைப் பின்னாலிருந்து மூடும் பூட்டின்மேல் கூடுதலாக மோதும். இந்தப் படிக்கு "மசகு நீக்கல்" போதும்.