மெற்போமின்: திரையில் 19,802, அலுமாரியில் இரண்டு பெட்டி

குளிசைக்காரன்:
யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் மருந்தாளராக இருக்கிறேன். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் 500 மில்லிகிராம் குளிசை 19,802 இருப்பதாகக் கணினி காட்டுகிறது. அலுமாரியில் இருப்பவை இரண்டே பெட்டிகள், 200 குளிசை. நாளுக்கு இரண்டு வீதம் மாதத்துக்கு 60 கொடுத்தால் மூன்று பேருக்குக் காணும். வெள்ளிக்கிழமை நீரிழிவு கிளினிக். பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அனுப்பிய கோரிக்கை, ‘போதிய இருப்பு உண்டு’ என்று திரும்பி வந்துவிட்டது. கணினியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
சென்ற மாதம் அப்பாவின் கிளினிக் கொப்பிக்குள் ஒரு துண்டு வந்தது: ‘வெளியில் வாங்கவும்’. 2022இல் டொலர் இல்லை, மருந்து இல்லை, பொறுத்துக்கொண்டோம். இப்போது களஞ்சியத்தில் மருந்து கிடக்க, ‘உன்னிடம் இருக்கிறதே’ என்று திரை சாதிக்கிறது! பழைய பேரேடே மேல்.

பழைய களஞ்சியக்காரர்:
பேரேட்டிலும் இந்தப் பிழை வந்ததுண்டு தம்பி. ஆனால் பேரேடு தன்பாட்டில் கோரிக்கையைத் திருப்பி அனுப்பாது, அது உண்மைதான்.

குளிசைக்காரத் தம்பி, அந்த எண்ணை உற்றுப் பாருங்கள். 20,000இல் 198 போனால் 19,802. உங்களுக்கு வந்தது 200 பெட்டியா? பெட்டிக்குப் பத்து அட்டை, அட்டைக்குப் பத்துக் குளிசை. வரவைக் குளிசையாகவும் விநியோகத்தைப் பெட்டியாகவும் பதிந்திருக்கிறார்கள்.

குளிசைக்காரன்:
ஐயா, 200 பெட்டிதான்! இணையம் இல்லாத வாரத்தில் கொப்பியில் எழுதி வைத்ததைப் பயிற்சிக்கு வந்த பிள்ளை பிறகு ஏற்றினார். மிகையாக நிற்கும் 19,602ஐ ‘இழப்பு’ என்று கழித்துவிடலாமா?

பழைய களஞ்சியக்காரர்:
கூடவே கூடாது. இழப்பென்று போட்டால் இருப்புச் சரியாகும். பாவனை 198 குளிசை என்றே நிற்கும். கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு அடுத்த ஆண்டுத் தேவையை மதிப்பிடுவது கீழிருந்து போகும் இத்தகைய கணக்குகளை வைத்துத்தான். அதன்படிதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோருகிறது. அந்தக் கணக்கைப் பார்ப்பவர் உங்கள் ஊரில் நீரிழிவே இல்லை என்று நினைப்பார்.

19,602ஐ விநியோகத் திருத்தமாகப் பதியுங்கள். அதற்கு முன் கையால் எண்ணி, பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் கையொப்பம் வாங்குங்கள். கோரிக்கையை மீண்டும் அனுப்பும்போது தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள். திரையை மட்டும் நம்பி இருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதுவரைக்கும் பக்கத்து வைத்தியசாலையில் கைமாற்றுக் கேளுங்கள். அதையாவது குளிசைக் கணக்கில் பதியுங்கள்!

குளிசைக்காரன்:
30 பெட்டி கைமாற்றாகக் கிடைத்தது. திருத்தமும் போட்டாயிற்று. மிக்க நன்றி ஐயா.

சும்மா இருக்க முடியாமல் இரத்த அழுத்தக் குளிசையான அம்லோடிபைனின் கணக்கையும் திறந்து பார்த்தேன். வந்தது 100 பெட்டி, திரையில் 9,911. அலுமாரியில் 11 பெட்டிதான் இருக்கும் என்று எண்ணாமலே சொல்வேன். ஆனாலும் திறப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.