‘மழை பொய்த்தது’ என்றால் மழை பொய் சொன்னதா?

கேள்வி: ஞாயிறு வகுப்பு ஆசிரியை, யாங்கோன்

அன்புடையீர், வணக்கம். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளியில் பர்மிய மொழியிலேயே பயிலும் இவர்களுக்குப் ‘பொய்’ என்னும் சொல்லை விளக்க, பௌத்தரின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலத்தில் பொய் சொல்லாமையைக் கூறும் நான்காவதில் வருவதும் பர்மிய உச்சரிப்பில் ‘முதாவாதா’ என்று நம் காதில் விழுவதுமான சொல்லையே இதுவரை ஈடாகக் காட்டி வந்தேன். சென்ற வாரம் ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று தொடங்கும் 13ஆம் குறளைப் படித்தபோது, “வானம் யாரிடம் பொய் சொன்னது, சயாமா (ஆசிரியை)?” என்று ஒரு சிறுமி கேட்டாள். கவி வழக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது நிறைவாக இல்லை. பொய்த்தல் என்பதன் அடிப்படைப் பொருள் என்ன? பொய், பொய்மை, பொய்ம்மை ஆகியவற்றுக்குள் வேறுபாடு உண்டா?

மறுமொழி: மோல்மேன் வாசகர்

அம்மா, அது கவி வழக்கு மட்டுமன்று. ‘இந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது’ என்று தமிழ்நாட்டு உழவர் இன்றும் இயல்பாகச் சொல்வார். கீழ்ப் பர்மாவில் வைகாசி தொடங்கி ஐப்பசி வரை கொட்டித் தீர்ப்பதால் அந்தச் சொல்லுக்கு நம் பிள்ளைகளிடம் வேலையில்லாமல் போயிற்று; மேக்தீலா பக்கத்து வறண்ட நிலத்தில் வளர்ந்த சிறுமியாக இருந்தால் ஒருவேளை கேட்டிருக்கவே மாட்டாள்.

ஒரு பொருள் தன்னைக் காட்டிக்கொண்டபடி இல்லாதிருப்பதும், வருமென்று நம்பியிருந்தது வராமற்போவதும் பொய்த்தல்தான். வாயால் சொல்லும் பொய் அதில் ஒரு வகை. பொய்க்கால் குதிரையின் கால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொய்ப்பல், பொய்த்தூக்கம் ஆகியவையும் அப்படியே. பட்டினப்பாலை காவிரியை ‘வான் பொய்ப்பினும் தான் பொய்யா’ என்று பாடுகையில், மழை தவறினாலும் ஆறு தவறாது என்பதே பொருள்.

தாங்கள் காட்டிய ஈட்டில்தான் சிக்கல் இருக்கிறது. பௌத்த நூல்களின் மொழியான பாளியில் அது ‘முசாவாதம்’. ‘வாதம்’ என்றால் பேச்சு. ஆகவே அதற்கு நேரான தமிழ் ‘பொய்’ அன்று, ‘பொய்யுரை’. பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் ‘பொய்யே குறளை கடுஞ்சொல் பயனில்சொல்’ என்று நான்கு குற்றங்களை அடுக்கும்போது, அவை சொல்லில் தோன்றுபவை என்று எல்லை கட்டிவிடுகிறது. (குறளை என்பது கோள்சொல்லுதல், திருக்குறளோடு குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.)

மறுமொழி: மாண்டலே வாசகர்

இரண்டாம் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பொய் என்பது சொல்லப்பட்ட கூற்றையும் குறிக்கும், தன்மையையும் குறிக்கும். பொய்மை பெரும்பாலும் தன்மையைக் குறிப்பது. ‘பொய் சொன்னான்’ என்போம், ‘பொய்மை சொன்னான்’ என்னமாட்டோம். மெய்ம்மை என்பதுபோல் மகரம் இரட்டித்து வந்ததே பொய்ம்மை. உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வாய்மை, மெய்யாகிய உடம்பில் இருப்பது மெய்ம்மை என்று பிரித்துக் கற்பித்தால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும்.

மறுமொழி: மோல்மேன் வாசகர்

நினைவில் நிறுத்த அது உதவும். ஆனால் சொற்பிறப்பு என்று கற்பிக்க வேண்டாம். உண்மை என்பது ‘உள்’ என்னும் அடியிலிருந்து வந்து, இருத்தலைக் குறிப்பது. அதனால்தான் இலக்கணத்தில் அதற்கு எதிர்ச்சொல் இன்மை. தவிர, வாய்மை அதிகாரத்துக்குள்ளேயே வள்ளுவர் ‘உள்ளத்தால் பொய்யாது ஒழுகின்’ (294) என்கிறார். பொய்யை வாயோடு நிறுத்திவிட அவர் ஒப்பவில்லை.

மறுமொழி: ஞாயிறு வகுப்பு ஆசிரியை

இருவருக்கும் நன்றி. இன்று கரும்பலகையில் ‘முதாவாதா’ என்பதற்கு நேரே ‘பொய்யுரை’ என்று திருத்தி எழுதினேன். ‘மழை புளுகியது’ என்று சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. புளுகுவதற்கு வாய் வேண்டும் என்று அதே சிறுமி சொன்னாள்.