புதுப்பிப்பு: நியூசிலாந்து மோட்டார்ஹோம் பயணம் முடிந்தது
கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு மோட்டார்ஹோமில் (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) ஒரே மூச்சில் போவதா, வழியில் தங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். தங்கித்தான் போனோம். தங்கிப் போங்கள் என்று பெரும்பாலானோர் சொன்னது சரிதான்.

டெகாபோ ஏரிக்கரையில் 1935-இல் கட்டிய கல் தேவாலயத்தைப் பார்த்தோம். ஆனால் மனம் நின்றது புகாகி ஏரியில். பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் தண்ணீரில் மிதப்பதால் பால் கலந்தது போன்ற நீலம்! வடக்கே 3,724 மீட்டர் உயர மவுண்ட் குக். அதைப் பார்த்தபடியே வண்டிக்குள் ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், பயம் வேண்டாம். ஒருவழிப் பாலங்களில் மட்டும் பலகையைக் கவனியுங்கள்: உங்கள் பக்க அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். அப்புறம், கழிவுத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள்.