ரன்-ஃபிளாட்டா, சாதாரண டயரா: ஸ்டெப்னி இல்லாத காருக்கு எதை மாட்டுவது?

கொங்குப் பயணி:
என்னிடம் இருப்பது பழைய வண்டியாக வாங்கிய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ். முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 அளவில் இருந்த ரன்-ஃபிளாட் டயர்கள் (காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) நான்கும் தேய்ந்துவிட்டன. கோவையிலிருந்து பெங்களூருக்குக் குடும்பத்தோடு அடிக்கடி போய் வருகிறேன். வண்டியோடு ஸ்டெப்னி வரவில்லை. டிக்கியின் தரைக்கு அடியில் அதை வைக்கக் குழியும் இல்லை. மீண்டும் ரன்-ஃபிளாட் வாங்குவதா, சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறுவதா? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பாதை:
ரன்-ஃபிளாட்டையே வாங்குங்கள். உங்கள் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமான காரணம். தருமபுரியிலிருந்து சேலத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் சூடேறிய லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் இரவு நேரத்தில், பிள்ளைகளை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரன்-ஃபிளாட் டயரின் பக்கச்சுவருக்குள் இருக்கும் கெட்டி ரப்பர், காற்று முழுவதும் போன பிறகும் வண்டியின் எடையைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் என்பது பொதுவான வரம்பு. கணவாயில் ஆணி ஏறினாலும் யாரும் கீழே இறங்காமலேயே சேலம் போய்ச் சேரலாம். வேகத்தில் காற்று சட்டென்று இறங்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவாமல் இருப்பதும், ஸ்டியரிங் நம் கைக்குக் கட்டுப்படுவதும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

சக்கரக்கடை:
நண்பர் சொல்லும் 80 கிலோமீட்டர் கணக்கு ஆணிக்குப் பொருந்தும், பள்ளத்துக்குப் பொருந்தாது. நான் டயர் கடை நடத்துகிறேன். இந்த வகைக் கார்கள் என் கடைக்கு வருவது பெரும்பாலும் பக்கச்சுவர் வெட்டுப்பட்டோ, புடைத்தோ, ரிம் வளைந்தோதான். நீங்கள் சொல்லும் இரண்டு அளவுகளிலும் ரிம்மின் விளிம்புக்கும் சாலைக்கும் இடையில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் டயர் இருக்கிறது. அந்தக் குறைந்த உயரத்தையும் கெட்டிப்படுத்திவிட்டால், பள்ளத்தின் விளிம்பில் மோதும் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் கடத்திவிடுகிறது. பக்கச்சுவரே கிழிந்துவிட்டால் ரன்-ஃபிளாட்டும் உங்களைச் சேலம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது பஞ்சர். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டை ஒட்டித் தரச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், ஏனென்றால் உட்சுவர் சூட்டில் சிதைந்திருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே ஓர் ஆணி ஒரு டயரையே கேட்கும். தருமபுரியில் உங்கள் அளவில் ரன்-ஃபிளாட் உடனே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பெரிய ஊர்களிலும் இந்த அளவுகள் மெதுவாகத்தான் விற்கின்றன. அதனால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம்.

மலைப்பாதை:
சாதாரண டயரென்றால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம் என்ற வாதத்தில் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. சாதாரண டயரும் காற்றில்லாமல் சிறிது தூரம் உருண்டாலே ரிம்முக்கடியில் நசுங்கி வீணாகிவிடும். உடனே நிறுத்தினால்தான் அது பிழைக்கும்; உடனே நிறுத்த முடியாத இடத்தைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெப்னி இல்லாமல் சாதாரண டயர் மாட்டினால் மிஞ்சுவது அடைப்புத் திரவமும் சிறிய கம்ப்ரசரும். அந்தத் திரவம் டிரெட்டில், அதாவது சாலையில் படும் பகுதியில், விழும் சிறிய துளையைத்தான் அடைக்கும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு இருக்கும் வண்டிக்கு ஒரே ஸ்டெப்னி எப்படிப் பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள்.

வெண்ணிலா:
அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும், ஏனென்றால் இதே அளவுள்ள வண்டியில் சாதாரண டயருக்கு மாறியிருக்கிறேன். அகலம்தான் வேறே தவிர, இரண்டு சக்கரங்களின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர்தான். அந்த விட்டத்துக்கு நெருக்கமாகவும், போல்ட் துளைகள் பொருந்துவதாகவும், பிரேக் காலிப்பரில் இடிக்காததாகவும் உள்ள மெல்லிய ஸ்டெப்னி ஒன்று இரண்டு பக்கத்துக்கும் போதும். வாங்குவதற்கு முன் முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்கும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பு உண்டுதான், ஆனால் 80 கிலோமீட்டரில் பயணமே முடிந்துவிடுவதில்லை. டிக்கியில் பாதி இடம் போகிறது. அதைப் பட்டையால் இறுக்கிக் கட்டாவிட்டால் விபத்தில் ஆபத்து. இவற்றையெல்லாம் தாண்டியும் எனக்கு நிறைவுதான். முதுகுவலி உள்ள என் அம்மா இப்போது பின் இருக்கையில் முனகாமல் வருகிறார். பாலங்களின் இணைப்புகளைக் கடக்கும்போது இருந்த குலுக்கல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

கொங்குப் பயணி:
ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி சிக்கலாகுமா?

சக்கரக்கடை:
டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகளை 2020-இல் திருத்திவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டாலும், பெங்களூர் வரை போகிறவர் ஸ்டெப்னி வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

மாறுவதாக இருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் ரன்-ஃபிளாட், பின்னால் சாதாரணம் என்று கலந்தால் வளைவில் வண்டியின் நடத்தை கெடும். டயர் தாங்கும் எடையைக் காட்டும் பளு எண்ணும், அதன் உச்ச வேகத்தைக் காட்டும் வேகக் குறியீடும் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. காற்றழுத்த எச்சரிக்கையைப் புதிய டயருக்கு ஏற்ப மீட்டமைக்கவும் மறக்காதீர்கள்.

மலைப்பாதை:
வெண்ணிலாவின் அளவுக் கணக்கு சரிதான். ஒரே ஸ்டெப்னி போதும் என்பதை ஏற்கிறேன். என் கேள்வி வேறு. அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டப்போவது யார்? வீட்டில் வேறு யாரேனும் இந்த வண்டியைத் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார்களா?

கொங்குப் பயணி:
நெடுஞ்சாலையில் நான் மட்டும்தான் ஓட்டுகிறேன், அதுவும் பெரும்பாலும் பகலில். மனைவி ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறார். அங்கே பஞ்சர் கடைக்குக் குறைவில்லை. எனவே நான்கு சாதாரண டயர்களும் ஒரு மெல்லிய ஸ்டெப்னியும் வாங்குவதாக இருக்கிறேன்.

மலைப்பாதை:
அப்படியானால் நானும் தடுக்கவில்லை. ஆனால் இரவில் கணவாய் இறங்க நேர்ந்தால், தருமபுரியைத் தாண்டுவதற்கு முன்பே நிறுத்தி நான்கு டயர்களின் காற்றையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் சிக்காமல், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.