மேடைப் பியானோவோடு ரிங் மாடுலேட்டர்: சுருதி ஏன் ஒட்டவில்லை?

கறுப்புக்கட்டை:
அடுத்த மாதம் ஒரு சிறிய அரங்கில் பியானோவோடு லேப்டாப்பையும் சேர்த்து வாசிக்கிறேன். மைக்கில் வரும் பியானோ ஒலியை லேப்டாப்பில் ரிங் மாடுலேட்டருக்குள் (ஒலியை ஒரு சைன் அலையோடு, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட எளிய ஒலியோடு, பெருக்குவது) விட்டு ஸ்பீக்கரில் எடுக்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசென் இரண்டு பியானோக்களுக்கும் ரிங் மாடுலேட்டருக்குமாக 1970-இல் எழுதிய 'மந்த்ரா'வைக் கேட்டதிலிருந்து வந்த ஆசை. வீட்டு டிஜிட்டல் பியானோவில் சுத்தமாக இருந்தது. நேற்று அரங்கில் ஒத்திகை. மேல் ஏ (A சுரம்), அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள கீழ் ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒலி அலையடிக்கிறது. வால்யூமை ஏற்றினால் ஊளையிடுகிறது. பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் எடுக்கும் ஒலித் துண்டு) 256 சாம்பிள், சாம்பிள் ரேட் விநாடிக்கு 48,000. லேட்டன்சிதான், அதாவது லேப்டாப்பால் வரும் தாமதம்தான், காரணமா?

தந்திக்காரன்:
லேட்டன்சி இல்லை. 256-ஐ 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 5 மில்லி விநாடிதான். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி காதுக்கு வரவே 9 ஆகும்.

சைன் அலையை எதில் வைத்திருக்கிறீர்கள்? 220 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 220 அதிர்வு) என்றால் விஷயம் அங்கேதான். ரிங் மாடுலேட்டர் சுரத்தின் அதிர்வெண்ணையும் சைனின் அதிர்வெண்ணையும் கூட்டும், கழிக்கும், அவ்வளவுதான். மேல் ஏ 440 என்றால், அதிலிருந்து 220 போனால் 220, கீழ் ஏ-யோடு அப்படியே படியும். ஆனால் பல அரங்குகளில் பியானோவின் மேல் ஏ-யை 442-க்குச் சுருதி சேர்த்திருப்பார்கள். கழித்தால் 222, கீழ் ஏ-யோ 221. விநாடிக்கு ஓர் அலை. எனக்கும் இதே நடந்து, ஒரு மாலை முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போதெல்லாம் மேடை விளக்கு அரை மணி நேரம் எரிந்த பிறகுதான் சைனைப் பியானோவோடு சேர்ப்பேன். சூட்டில் தந்தியின் சுருதி கொஞ்சம் இறங்கும்.

ஊளைக்கு: மைக்கைப் பியானோ மூடிக்குள் தாழ வையுங்கள், ஸ்பீக்கரை முன்னே தள்ளுங்கள்.

ராகமாலிகை:
இவ்வளவு பாடு எதற்கு? மேடைக்கும் டிஜிட்டல் பியானோவையே கொண்டுபோகலாமே?

தந்திக்காரன்:
வேண்டாம். பெடலை மிதித்துக்கொண்டு, எதையும் வாசிக்காமல், ஸ்பீக்கரில் மட்டும் ஒரு சுரத்தை விட்டு நிறுத்திப் பாருங்கள். தந்திகள் தாமாகவே முனகும். கையைத் தந்தியருகே கொண்டுபோனால் விரல் நுனியில் தெரியும். லேப்டாப் பேசுவதைப் பியானோ கேட்டுப் பதில் சொல்கிற இடம் அது. அதற்காகத்தான் நான் இன்னும் மைக் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

கறுப்புக்கட்டை:
சைனை 221-க்கு மாற்றினேன், அலை நின்றுவிட்டது! பெடல் விஷயத்தையும் செய்து பார்த்தேன் அண்ணா. அதையே நிகழ்ச்சியின் தொடக்கமாக வைக்கப்போகிறேன்.