பொல்கொட வாவியில் கனூ: பின் இருக்கைக்காரரின் வேலை

வெள்ளவத்தையிலிருந்து:

அக்கா மகளோடு பொல்கொட வாவிக்குக் கனூ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய திறந்த படகு) ஓட்டப் போனேன். அவள் முன் இருக்கை, நான் பின் இருக்கை. ஏறும்போதே படகு ஆட, பயந்துவிட்டாள். இரு விளிம்பையும் பிடித்துக் குனிந்தபடி நடுவில் கால் வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும், "மாமா, நான் நேராத்தானே துடுப்பு வலிக்கிறேன், ஏன் வளைஞ்சு போகுது?" என்றாள். எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கனூத் துடுப்புக்குக் கயாக் துடுப்பு மாதிரி இரு முனையிலும் தகடு இல்லை, ஒரு முனையில்தான். வலப்பக்கம் வலித்தால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வலித்தாலும் சரியாகாது. பின்னால் இருப்பவரின் வலிப்புக்குப் படகைத் திருப்பும் பலம் கூட. எனவே திருத்துவதும் அவர் பொறுப்பு. துடுப்பு இடுப்பைத் தாண்டும்போது, மேல்கைப் பெருவிரல் கீழே பார்க்கும்படி பிடியைத் திருப்பி, தகட்டால் தண்ணீரை மெல்ல வெளியே தள்ள வேண்டும். துடுப்பு போகும் வழி ஆங்கில J எழுத்து மாதிரி இருப்பதால், இதுதான் ஜே வலிப்பு. முன்னால் இருப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கை பலத்தால் மட்டும் வலித்தால் சீக்கிரம் களைத்துவிடும். உடம்பைத் திருப்பி, பாதத்துக்கு நேரே துடுப்பை இறக்கி, இடுப்பருகே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் வேகம் கூடாது, படகுதான் திரும்பும். தூரம் போவதற்கு முன் கரையோரமாக நேரே ஓட்டப் பழகுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தெஹிவளையிலிருந்து:

அண்ணா, ஜே வலிப்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொல்கொட அகலமான வாவி, பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசும். அங்கே என் சிநேகிதியின் படகு பக்கவாட்டுக் காற்றில் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் சரியாக இறுக்கியிருந்தாள், படகையும் விடவில்லை. நீந்திக் கரை சேரப் பார்க்காமல் படகைப் பிடித்தபடி இருந்ததால் மற்றப் படகுக்காரர் உடனே கண்டு வந்தார்கள்.

அப்புறம் நாங்கள் காலையில்தான் போவோம். முதலில் காற்றை எதிர்த்துப் போவது, களைத்துத் திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆட்டம் கூடினால் இருக்கையை விட்டு முழந்தாளில் இருப்போம், பாரம் கீழே இறங்கும். ஜாக்கெட்டை அணிந்ததும் தோள்ப் பகுதியை யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

ராஜகிரியவிலிருந்து:

எங்கள் பக்கத்தில் தியவன்னா ஓயா. கொழும்பு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகர அங்கீகாரம் பெற்றது; இந்த நீர்நிலைகளில் துடுப்போடு இறங்கினால் அதன் அர்த்தம் புரியும். ஒருநாள் கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று எங்கள் படகின் முன்னால் நீந்திக் கடந்தது. துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது தன்பாட்டில் போய்விட்டது. என் மகன் இன்னும் அதைத்தான் கதைக்கிறான்.

முதலையும் உண்டு, பொல்கொடவிலும்தான். ஆகவே எங்கே இறங்கலாம் என்று அந்த இடத்து ஆட்களிடம் கேட்காமல் கால் நனைக்காதீர்கள். கால்வாய்ப் பக்கம் எலிக்காய்ச்சல் ஆபத்து இருக்கிறது. அது காயம் வழியாகவும் தொற்றும், வெட்டுக்காயம் இருந்தால் அன்று போகவே வேண்டாம். போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.